வாசு இங்கே உட்காரலாம்

பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்
12-6-1938

அன்பு மருமகள் சீதாலெட்சுமிக்கு வாசு மாமா எழுதும் கடுதாசி.

உன் காகிதம் வெள்ளிக்கிழமை வந்தது. தபால்காரன் வாசலில் நின்று, "அண்ணே, மதராஸ் தபால்!" என்று கூவியதில் எங்கள் ரயில்வே வீட்டு வரிசையே எட்டிப் பார்த்தது. நானும் விடவில்லை. "என் மருமகள் எழுதியிருக்கிறாள். அவள் அப்பாவைப் பற்றிச் சினிமாப் பத்திரிகையின் தீபாவளி மலரில் போடப்போகிறார்கள். விவரம் என்னிடம்தான் கேட்டாக வேண்டுமாம்" என்று சத்தமாகச் சொன்னேன். அன்று முதல் ஆபீஸில் கணக்கெழுதும் எதிர்வீட்டுக் கிராணிகூட எனக்கு வழிவிட்டு நடக்கிறார்.

நாகையா மச்சான் கண்ணை மூடி ஒரு வருஷம் ஆகிவிட்டது. எங்கள் அக்காவும் அதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டாள். பெற்றவர்களைப் பற்றி நீ கேட்க நான் ஒருவன்தான் மிச்சம். கவலைப்படாதே. மூன்றாங்கிளாஸோடு நின்றவன்தான் நான். ஆனாலும் ஸ்டேஷன் மாஸ்டர் தொரைக்கு எழுதுகிற லெட்டரை என்னிடம் காட்டிவிட்டுத்தான் உறையில் போடுவார்.

நீ கேட்டது மூன்று. அப்பாவுக்குத் தந்திரக் காட்சி செய்யும் வித்தை எங்கிருந்து வந்தது? கந்தர்வன் பறந்து இறங்கும் காட்சியை மதராஸ் பேசும்படத்துக்கு முன்பே கிள்ளானில் நாடக மேடையில் செய்தாரா? அவருடைய இடது கால் எப்படி ஊனமானது?

முதலாவது. மதராஸ் ஸ்டூடியோவுக்குப் போகுமுன் மச்சான் இங்கே செந்தூல் ரயில்வே பட்டறையில் பெயிண்டர். வண்டிகளுக்கு நம்பர் எழுதுவார். அந்தக் காலத்தில் இங்கே மைதானத்தில் கூடாரம் அடித்து ஊமைப்படம் காட்டுவார்கள். திரைக்குப் பின்னால் உட்கார்ந்தால் பாதி டிக்கட். மச்சான் அங்கேதான் உட்காருவார். எழுத்தெல்லாம் இடம் வலமாகத் தெரியும். ஒருநாள் படத்தில் ஒரு வெள்ளைக்காரி நின்ற இடத்திலேயே மாயமாகிவிட்டாள். மச்சான் ஓடிப்போய் மிஷின்காரனைக் கெஞ்சி, அறுந்துபோன படச்சுருளில் இரண்டு விரல் நீளம் வாங்கி வந்தார். ஞாயிற்றுக்கிழமை முழுதும் அதை வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். சாப்பிடவும் வரவில்லை. அக்கா சோற்றைக் கொண்டுபோய் மடியில் வைத்தாள். பக்கத்தில் நின்று அவருக்குப் படம் படமாக விளக்கியவன் யார்? உன் மாமன்தான்.

இரண்டாவது. சந்தேகமே வேண்டாம். 1922ஆம் வருஷம் கிள்ளானில் எங்கள் ரயில்வே நாடக சபா போட்ட நாடகத்தில் கந்தர்வன் வானத்திலிருந்து இறங்கினான். கயிறும் தெரியவில்லை, கம்பியும் தெரியவில்லை. ஐயாயிரம் ஜனம் வாயைப் பிளந்தது. யானைமேல் வந்த ஒரு ராஜா இறங்கி நின்று கைதட்டினார். பின்னால் மூங்கில் காடு எழுதினால் கம்பி தெரியாது என்று யோசனை கொடுத்ததே நான்தான். மச்சான் கைவேலை செய்தார், மூளை இங்கேயிருந்து போனது.

மூன்றாவது. கிள்ளான் ஆற்றுப் படகுத்துறையில் மச்சான் கால் கழுவிக்கொண்டிருந்தபோது முதலை வந்தது. பதினாலு அடி. தப்பிக்க மேலேயிருந்து பாறைமேல் குதித்தார், கால் போய்விட்டது. நான் அன்றைக்கு ஈப்போவில் இருந்தேன். இல்லாவிட்டால் அந்த முதலையின் கதையே வேறாகியிருக்கும்.

இதையெல்லாம் அப்படியே அச்சுப் போடச் சொல். என் பெயரையும் மறக்க வேண்டாம்.

உன் அத்தை மாரியாயி பக்கத்தில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொள்கிறாள். அவளுக்கு ஒற்றைத் தலைவலி. வேறொன்றுமில்லை.

பிரியமுள்ள மாமா
வாசு


புரசைவாக்கம், மதராஸ்
3-7-1938

அன்புள்ள மாமாவுக்குச் சீதாலெட்சுமி வணக்கம்.

உங்கள் கடிதத்தை நாலு முறை படித்தேன். அம்மா சோற்றை அப்பா மடியில் வைத்த இடத்தில் அழுதேன். ராஜா யானையிலிருந்து இறங்கிய இடத்தில் சிரித்தேன். பிறகு ஒரு தப்புச் செய்தேன். கடிதத்தை அப்படியே பத்திரிகை ஆபீஸில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன்.

உங்களுக்கு முழு விவரமும் எழுதாமல் விட்டது என் குற்றம். கந்தர்வன் இறங்கும் காட்சிதான் அந்தப் படத்தையே ஓட்டியது. ஆனால் படத்தில் அப்பா பெயர் இல்லை. இப்போது தீபாவளி மலரில், அந்தக் காட்சியைத் தாமே யோசித்து உண்டாக்கியதாக, காமிராக்காரர் ராதாகிருஷ்ணன் எழுதப்போகிறார். "நாகையாவா? மூங்கிலுக்குப் பச்சைப் பெயிண்ட் அடித்த நொண்டி" என்று என் முகத்துக்கு நேரே சொன்னார். அப்பா அதே காட்சியை மலாயாவில் முன்பே செய்ததற்குச் சாட்சி கொண்டுவந்தால் அவர் பெயரைப் போடுவதாகப் பத்திரிகை ஆசிரியர் எனக்கு வாக்குக் கொடுத்திருந்தார்.

ஆசிரியர் உங்கள் கடிதத்தை ராதாகிருஷ்ணனிடம் காட்டினார். அவர் எல்லோர் முன்னாலும் உரக்கப் படித்தார். யானை வந்ததும் ஒரு சிரிப்பு. முதலை வந்ததும் ஒரு சிரிப்பு. கடைசியில், "மூங்கில் யோசனை மச்சினனுடையது என்று அவனே எழுதியிருக்கிறான். அப்படிப் பார்த்தாலும் நாகையா இல்லையே?" என்றார். கடிதத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

மாமா, அப்பா எப்படி வேலை செய்வார் என்று நான் பார்த்திருக்கிறேன். பிஸ்கட் தகரத்தை வெட்டி ஒரு பட்டணமே கட்டுவார். கித்தா ரப்பர்ப் பால் வரவழைத்து அதில் பாம்பு வார்ப்பார். நீலப் பட்டுத் துணிக்கு அடியில் நாலு பேரை உருளவிட்டுக் கடல் என்பார். ஒரு அரண்மனையை எரிக்க ஆறு நாள் கட்டினார். எரிந்து முடிந்ததும் சாம்பலில் குந்தி, "கோபுரம் சரியாச் சாஞ்சுச்சா, சீதா?" என்று கேட்டார். படம் பார்க்கிறவர்கள் அவரை நினைக்கவே கூடாது, அப்போதுதான் வேலை சரி என்பார். அவர் சொன்னபடியேதான் ஆகிவிட்டது, ஒருவரும் நினைக்கவில்லை. நானாவது அவர் பெயரை ஒரு காகிதத்தில் அச்சில் பார்க்க வேண்டும்.

உங்களிடம் ஏதாவது அத்தாட்சி இருக்கிறதா? நோட்டீஸ், படம், எதுவானாலும்.

அத்தைக்கு என் அன்பு.

சீதாலெட்சுமி


பிரிக்பீல்ட்ஸ்
17-7-1938

அன்பு மருமகளே,

யாரவன் ராதாகிருஷ்ணன்? என் கடுதாசியைப் படித்துச் சிரிக்க அவனுக்கு என்ன தகுதி? இங்கே என் பேச்சைக் கேட்க அம்பாங்கிலிருந்து சைக்கிள் மிதித்து வருகிறார்கள். சாலாக் செலாத்தானில் ஒரு பஞ்சாயத்தில் நான் வாய் திறந்ததும் இரண்டு பங்காளிகள் கட்டிப் பிடித்து அழுதார்கள்.

யானை விஷயம் வேண்டுமானால் விட்டுவிடு. ராஜா மோட்டாரில் வந்திருக்கலாம். தூரத்தில் சரியாகத் தெரியவில்லை. முதலையை மட்டும் விடாதே. இப்போது நினைத்துப் பார்த்தால் பதினாறு அடி. வாலைச் சேர்க்காமல் முன்னே சொல்லிவிட்டேன்.

அத்தாட்சி கேட்டாய். இருக்கிறது. நாடக நோட்டீஸ் ஒன்று பெட்டியில் பத்திரமாக இருக்கிறது. அதன் பின்பக்கம் மச்சான் பென்சிலால் வரைந்த படமும் உண்டு, தேதியோடு. ஆனால் அதை இப்போது அனுப்புவதற்கில்லை. கறையான் பயம், கப்பல் பயம், தபாலில் தண்ணீர் பட்டுவிடும். நான் வாயால் சொல்வதே போதுமானது. வேண்டுமானால் கோயில் அர்ச்சகரிடம் கையெழுத்து வாங்கி அனுப்புகிறேன். அவர் நான் சொன்னால் போடுவார்.

உன் அத்தை, "அந்தக் காயிதத்தை அனுப்பிடுங்க லா, புள்ள கேக்குதில்ல" என்கிறாள். பெண்பிள்ளைக்குத் தபால் விஷயம் என்ன தெரியும்?

மாமா
வாசு


மதராஸ்
7-8-1938

அன்புள்ள மாமா,

மலர் புரட்டாசி நடுவில் அச்சுக்குப் போகிறது. ஆசிரியர் நல்லவர். என்னைத் தனியே கூப்பிட்டு, "அம்மா, அலங்காரம் இல்லாமல் ஒரே ஒரு பக்கம், நடந்தது நடந்தபடி வரட்டும். அந்தப் படமும் வரட்டும். வராவிட்டால் நான் ஒன்றும் செய்ய முடியாது" என்றார்.

கோபப்படாமல் கேளுங்கள். அப்பாவைப் பற்றி நீங்கள் சொன்ன எல்லாக் கதையிலும் நீங்கள் நடுவில் நிற்கிறீர்கள். படச்சுருளை விளக்கியது நீங்கள், மூங்கில் சொன்னது நீங்கள். கால் உடைந்த கதையில் மட்டும் ஏன் ஈப்போவுக்குப் போய்விட்டீர்கள்?

எழுத முடியாத காரணம் ஏதாவது இருந்தால் முடியாது என்று ஒரு கார்டு போடுங்கள். நான் மறுபடி கேட்கமாட்டேன். வருத்தமும் வைத்துக்கொள்ளமாட்டேன்.

சீதாலெட்சுமி


பிரிக்பீல்ட்ஸ்
28-8-1938

சீதா,

உன் கடுதாசி வந்து பத்து நாள் ஆகிறது. ஆறு முறை எழுதிக் கிழித்தேன். ஒவ்வொரு முறையும் முதலை வந்துவிட்டது. இப்போது உன் அத்தை எதிரே உட்கார்ந்திருக்கிறாள். ஒவ்வொரு வரியையும் அவளுக்குப் படித்துக் காட்டிவிட்டுத்தான் அடுத்த வரி எழுதுகிறேன்.

1922ஆம் வருஷம் பங்குனி மாதம். கிள்ளான் ஸ்டேஷனுக்குப் பின்னால் காலியாகக் கிடந்த கித்தா ஸ்டோரில் ஒத்திகை. சாயங்காலம் நாலு மணி. மற்றவர்கள் கோப்பி குடிக்கப் போயிருந்தார்கள். கந்தர்வன் வேஷக்காரனை ஏற்றுவதற்கு முன்னால் தாமே ஏறிப் பார்க்க வேண்டும் என்று மச்சான் இடுப்பில் பெல்ட் கட்டிக்கொண்டார். உத்திரத்தில் ஒரு கப்பி. கப்பி வழியாக ஒரு கயிறு. கயிற்றின் மறுமுனை என் கையில். தூக்கினேன். மேலே போனார்.

அப்போது அப்பம் விற்கிற பெண் ஒருத்தி கூடையோடு வந்து நின்றாள். "இம்மாம் பெரிய ஆள நீயா தூக்குற?" என்றாள். "எனக்கு ஒரு கை போதும்" என்றேன். சொன்னதோடு நிற்கவில்லை. இடது கையை எடுத்து அவளுக்கு ஆட்டிக் காட்டினேன்.

கயிறு வழுக்கியது. மச்சான் பதினோரு அடி உயரத்திலிருந்து சிமெண்டுத் தரையில் விழுந்தார். பதினொன்றுதான். பிறகு நான் அளந்து பார்த்தேன்.

அந்தப் பெண்தான் உன் அத்தை. அதை எழுதச் சொன்னதும் அவள்தான்.

மச்சான் வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு முதலில் பேசிய பேச்சு, "வாசு, உங்கக்காகிட்ட சொல்லாத" என்பது. "வேற என்னத்த சொல்றது மச்சான்?" என்றேன். "ஏதாவது சொல்லு. நீதான் நல்லா சொல்லுவியே" என்றார். நான் முதலை என்றேன். அந்த வலியிலும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கோப்பி குடித்துவிட்டுத் திரும்பிய நாலு பேரையும் கையெடுத்துக் கும்பிட்டு, யாரிடமும் சொல்லக் கூடாது என்று கேட்டுக்கொண்டார். அவர்களும் வாய் திறக்கவில்லை. அக்கா சாகும்வரை முதலையைத்தான் திட்டிக்கொண்டிருந்தாள்.

இனி ஆசிரியருக்கு வேண்டியது.

மூன்று மாதம் மச்சான் காலில் கட்டோடு படுத்திருந்தார். அப்போதுதான் வரைந்தார். கையால் பிடிக்கிற கயிறே வேண்டாம் என்று முடிவு செய்தார். ஒரு கயிற்றுக்குப் பதிலாக இரண்டு மெல்லிய கம்பி. வெள்ளைக்காரர் கிளப்பில் தூக்கிப் போட்ட பியானோவிலிருந்து கழற்றினது. மின்னாமல் இருக்க விளக்குக் கரியும் எண்ணெயும் குழைத்துப் பூசினார். கம்பி நேராகத் தொங்கும். மூங்கிலும் நேராக நிற்கும். அதனால் பின்னால் மூங்கில் காடு எழுதினார். யோசனை மச்சானுடையது. நான் அப்போது பக்கத்திலேயே போகவில்லை. வெட்கம்.

கம்பியின் மறுமுனையில் மணல் மூட்டை. ஆளைவிட மூட்டை கொஞ்சம் எடை குறைவாக இருந்தால் ஆள் மெதுவாக இறங்குவான். கந்தர்வன் வேஷம் போட்ட தபாலாபீஸ் பியூன், முதல் ஒத்திகையன்று கோயிலில் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு வந்து தொப்பென்று இறங்கிவிட்டான். அதற்குப் பிறகு, சாப்பிட்ட பின்னால், கிரீடம் நகை எல்லாம் மாட்டிய பின்னால் ஆளை எடை போட்டுப் பார்க்காமல் மச்சான் ஏற்றமாட்டார். மதராஸிலும் அப்படிச் செய்தாரா என்று கேட்டுப் பார். ஏன் எடை போட்டார் என்று அந்தக் காமிராக்காரரையும் கேள்.

நாடகம் ஐப்பசியில் நடந்தது. ஜனம் இருநூறு பேர் இருக்கும். ராஜா வரவில்லை. யானையும் வரவில்லை.

சித்திரையில் நடத்துவதாக முன்பே அச்சடித்து, மச்சான் விழுந்ததால் வீணாய்ப்போன நோட்டீஸை இதோடு ரிஜிஸ்தர் தபாலில் அனுப்புகிறேன். பின்பக்கம் பார். கம்பி, மூங்கில், மூட்டை எல்லாம் இருக்கிறது. கீழே அவர் கையெழுத்து, 1922 ஆனி என்று தேதி. வலது பக்கம், முன்பு நான் கயிறு பிடித்து நின்ற இடத்தில், ஒரு நாற்காலி வரைந்திருப்பார். அதில் மீசை வைத்த ஆள் ஒருவன் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து கோப்பி குடிக்கிறான். பக்கத்தில், "வாசு இங்கே உட்காரலாம்" என்று எழுதியிருக்கும்.

அதனால்தான் இதை இத்தனை வருஷம் யாருக்கும் காட்டவில்லை. இனி உன் கையை நம்பமாட்டேன் என்று சொல்லாமல் சொல்லிவிட்டார் என்று நினைத்தேன். நினைத்ததிலும் தப்பில்லை.

உன் அப்பா காலை முறித்தவன் நான். இனி நீ எனக்குக் கடுதாசி எழுதாவிட்டாலும் குற்றமில்லை.

வாசு


மதராஸ்
16-10-1938

அன்புள்ள மாமாவுக்கு, அத்தைக்கு,

மலர் இதோடு வருகிறது. முப்பத்திரண்டாம் பக்கம் திறந்து பாருங்கள்.

உங்கள் கடிதத்தை ஆசிரியர் தாமே படித்தார். பிறகு ராதாகிருஷ்ணனைக் கூப்பிட்டு, ஆளை ஏன் சாப்பிட்ட பிறகு எடை போட்டார்கள் என்று கேட்டார். "அது நாகையாவின் கிறுக்கு" என்றார். ஸ்டூடியோ தச்சரைக் கேட்டார்கள். அவர், "மோர் குடிச்சாக்கூட மறுபடி தராசுல நிக்கச் சொல்லுவாருங்க. கிள்ளான்ல ஒருத்தன் பூசணிக்கா மாதிரி விழுந்தானாம்" என்றார். ராதாகிருஷ்ணன் நோட்டீஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தேதியைப் பார்த்தார். தம் கட்டுரையைத் திரும்ப வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

பெயர் பெரிய எழுத்தில் இருக்கிறது. தந்திரக் காட்சி நிபுணர் கிள்ளான் நாகையா. படத்தையும் முழுசாகப் போட்டிருக்கிறார்கள். நாற்காலிக்காரரை வெட்டிவிடலாமா என்று கேட்டார்கள். கூடாது என்றேன்.

மாமா, அந்த நாற்காலியை எனக்குத் தெரியும். ஸ்டூடியோவில் கப்பி கட்டுகிற இடத்தில் எல்லாம் அப்பா ஒரு நாற்காலி போடச் சொல்வார். யாராவது உட்கார்ந்தால் எழுப்பிவிடுவார். "என் மச்சினன் மலாயாவுலேருந்து வருவான். அவன் கயித்தைப் பிடிக்க வேணாம். உக்காந்து பேசிக்கிட்டிருந்தா போதும், பொழுது போகும்" என்பார். தச்சரிடம் கேட்டேன், அவருக்கும் ஞாபகம் இருக்கிறது.

இன்னொன்று. நீங்கள் ஈப்போவில் இருந்ததாக எழுதியதும் நான் ஏன் திகைத்தேன் தெரியுமா? அப்பாவும் எனக்கு முதலைக் கதைதான் சொல்லியிருக்கிறார். ஒரு தடவை இல்லை, நூறு தடவை. ஆனால் அவர் கதையில் நீங்கள் ஈப்போவில் இல்லை. முதலை அவர் காலைப் பிடித்து ஆற்றுக்குள் இழுக்கும். ஊரே கரையில் நின்று அலறும். ஒருவரும் கிட்டே வரமாட்டார்கள். நீங்கள்தான் குதித்து, இரண்டு கையாலும் அவரைப் பிடித்து, கரை சேரும்வரை விடமாட்டீர்கள். "ஒரு கையக்கூட எடுக்கல, சீதா" என்பார். காய்ச்சலில் கிடந்த கடைசி வாரத்திலும் இதையே சொன்னார்.

நீங்கள் எழுதியதைப் பத்திரிகைக்காக வைத்துக்கொண்டேன். என் மகளுக்கு ராத்திரி சொல்வது அப்பா கதையைத்தான். அதை மாற்றமாட்டேன்.

அடுத்த வைகாசியில் அவளுக்குக் காது குத்துகிறோம். தாய்மாமன் மடி அவளுக்கில்லை, அண்ணன் தம்பி இல்லாதவள் நான். நீங்கள்தான் வந்து உட்கார வேண்டும். நாற்காலி போட்டு வைக்கிறேன். அத்தையும் வர வேண்டும்.

சீதாலெட்சுமி


பிரிக்பீல்ட்ஸ்
6-11-1938

அன்பு மருமகளே,

மலர் வந்தது. முப்பத்திரண்டாம் பக்கத்தை எதிர்வீட்டுக் கிராணி எல்லோருக்கும் படித்துக் காட்டினார். நான் வாயே திறக்கவில்லை. உடம்பு சரியில்லையா என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

வைகாசிக் கப்பலுக்குச் சொல்லிவைத்துவிட்டோம். குழந்தையை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்வேன்.

உன் கடிதத்தை உன் அத்தை தலையணைக்கு அடியில் வைத்திருக்கிறாள். என்னிடம் தரமாட்டேன் என்கிறாள். அதனால் ஒரே ஒரு விவரம் மட்டும் நீ எழுது.

மச்சான் சொன்னதில் அந்த முதலை எத்தனை அடி?

மாமா
வாசு